தட்டில் வளர்ந்த என் கண்திசு

எறையூரில் ஒரு திருமண வரவேற்பில்தான் முதல் அறிகுறி தென்பட்டது. அதை அறிகுறியென்று அன்று நான் ஏற்கவில்லை. என் மகளின் மாமனார் இடப்பக்கத்திலிருந்து கை நீட்டியிருக்கிறார். நான் நேரே பார்த்தபடி அவரைக் கடந்து போயிருக்கிறேன்.

"என்ன சம்பந்தி, கைய நீட்டிக்கிட்டே நிக்கிறேன், பாக்காத மாதிரி போறீங்க? மாப்ள வூட்டுக்காரன் நானு. நாந்தான் முறுக்கிக்கணும்!" என்றார், பந்திவரை கேட்கும்படி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மறுத்துரைக்கவில்லை. பார்வை குன்றியவன் என்ற பேச்சைவிடத் தலைக்கனம் பிடித்தவன் என்ற பேச்சு எனக்குப் பொறுக்கக்கூடியதாக இருந்தது.

நான் நிலவியல் பட்டதாரி. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் பெரம்பலூரில் குடியேறினேன். இரண்டு ஊர்களிலும் மதுவிலக்குப் பிரசாரத்தில் எனக்குப் பொறுப்பு இருந்தது. சுரங்கத் தூசியோ என் கண்களை எந்நேரமும் சிவக்க வைத்திருந்தது. சிவந்த கண்ணோடு மேடையேறி மதுவின் தீமையைப் பேசுகிறவனைப் பற்றிக் கூட்டம் என்ன நினைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மருந்துக் கடைக்காரர் ஒரு சிறு புட்டியை எடுத்துக் கொடுத்தார்.

"ராத்திரி ரெண்டு சொட்டு வுட்டுட்டுப் படுங்க சார். காலைல கண்ணு பளிச்சுனு இருக்கும்."

இருந்தது. பல ஆண்டுகள் அப்படியே இருந்தது. முகம் மழித்தபின் பூசும் பவுடரைப் போன்றதே அது எனக்கு. மருந்தென்று ஒருநாளும் எண்ணியதில்லை.

பழகிய மாடிப்படியிலேயே நான் தடுமாறத் தொடங்கியபோது, என் மனைவி சரோஜா பிடிவாதமாகத் திருச்சிக்குத் தெற்கே உள்ள பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை அழிக்கும் நோய்) என்றார் மருத்துவர். கண்ணுக்குள் ஓயாமல் நீர் ஊறுகிறது. கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற வடிகால் திசு இருக்கிறது; நீர் அதன் வழியே வெளியேற வேண்டும். என் கண்களில் அது அடைபட்டிருந்தது. இடக்கண்ணின் நரம்பு ஏறக்குறைய மாண்டிருந்தது.

"வேற ஏதாச்சும் சொட்டு போடுறீங்களா சார்?" என்று அவர் கேட்டார்.

இல்லை என்றேன்.

இடக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்வதென்று முடிவாயிற்று. அடைபட்ட திசுவில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து நீருக்குப் புதுவழி செய்வது அது. மருத்துவர் ஓர் அனுமதியும் கேட்டார்.

"அந்தத் துணுக்க நாங்க வீசிடுவோம். நீங்க சம்மதிச்சா, எங்க லேப்ல அதுலேருந்து செல்லுங்கள வளர்த்துப் பாக்கலாம். வடிகால் ஏன் அடைக்குதுன்னு தெரிஞ்சுக்க உதவும்."

"எம்பேரு எங்கயாச்சும் வெளியில வருமா டாக்டர்?"

"வராது சார். நம்பர் மட்டுந்தான்."

சம்மதித்தேன்.

அறுவைக்குப் பின்னும் இடக்கண் தேறவில்லை. எஞ்சியது வலக்கண். அதற்காக எழுதிக் கொடுத்த மருந்து அழுத்தத்தைக் குறைப்பது. ஆனால் கண்ணைச் சிவக்க வைப்பது. ஊர் திரும்பியதும் பழைய புட்டியை மீண்டும் கையில் எடுத்தேன்.

"ஏங்க, அந்த டாக்டரம்மா குடுத்தது சரி. இது என்னா இன்னொரு பாட்டிலு?" என்றாள் சரோஜா.

"கண்ணு கழுவுறது. நீ உன் வேலையப் பாரு."

ஒவ்வொரு பரிசோதனையிலும் வலக்கண்ணின் அழுத்தம் ஏறியிருந்தது. மருத்துவர் மருந்தை மாற்றினார், கூட்டினார். "இருக்கறது இந்த ஒரு கண்ணுதான் சார். இது எதுக்குமே கேக்க மாட்டேங்குதே" என்று அவர் சொன்ன குரலில் முதன்முறையாகக் கலக்கத்தைக் கேட்டேன்.

சில மாதங்களுக்குப் பின், விரும்பினால் என் செல்களைப் பார்க்கலாம் என்றார். சரோஜாவும் கூட வந்தாள். ஆய்வுக்கூடத்தில், வெதுவெதுப்பான பெட்டியிலிருந்து எடுத்த தட்டில் இளஞ்சிவப்பு ஊட்டநீர் இருந்தது. நுண்ணோக்கியில் கண் வைத்தேன். ஒரு வட்டத்துக்குள் பார்ப்பது எனக்குச் சிரமமாக இல்லை. என் பார்வையே ஏற்கெனவே வட்டமாய்ச் சுருங்கியிருந்தது. மெலிந்து நீண்ட செல்கள், படிவுப் பாறையின் வரிகளைப் போல ஒரே திசையில் படுத்திருந்தன. என்னுடையவை, என்னைவிட்டு வெளியே உயிரோடு இருந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் தட்டை மாற்றினார். இதிலுள்ள செல்கள் பருத்துப் பரந்திருந்தன. வரிகள் குலைந்திருந்தன.

"இதுவும் உங்களதுதான் சார். இதுல மட்டும் டெக்ஸாமெதசோன் கலந்து வச்சோம். சில பேருக்கு அதச் சொட்டா வுட்டா வடிகாலே அடைச்சிடும்."

டெக்ஸாமெதசோன் (சிவப்பையும் அழற்சியையும் அடக்கும் ஸ்டீராய்டு மருந்து). அப்பெயரை நான் ஒவ்வொரு இரவும் புட்டியின் மேல் பார்த்து வந்தவன்.

நுண்ணோக்கியிலிருந்து நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. எடுக்காதவரை எவரும் என்னிடம் எதுவும் கேட்க இயலாது. பிறகு, இரவுக்கென்று சட்டைப்பையில் கொண்டு வந்திருந்த புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மருத்துவர் அதைப் படித்தார். "எத்தன வருசமா சார்?"

சரோஜாதான் பேசினாள். "நாங் கேட்டப்பல்லாம் கண்ணு கழுவுறதுன்னாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஊருக்கு உங்க கண்ணு வெள்ளையாத் தெரிஞ்சுது. உங்களுக்கு என்னா தெரியுது இப்ப?"

இத்தனை வயதும் படிப்பும் இருந்துமா என்று அந்த அறையில் எவரும் என்னைக் கேட்கவில்லை.

சொட்டை அன்றே நிறுத்தினேன். அழுத்தம் இறங்கியது, முழுமையாக இறங்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அந்தத் திசு பழைய நிலைக்குத் திரும்பாது என்றார்கள். வலக்கண்ணிலும் கத்தி வைத்தார்கள். போன பார்வை வரவில்லை. போகிற வேகம் குறைந்தது. இந்நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கண்ணில் விடும் எதையும், அது வெறும் அலங்காரம் என்று நீங்கள் கருதினாலும், மருத்துவரிடம் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

பின்னொரு முறை தட்டுகளைப் பற்றி விசாரித்தேன். "வயசான செல்லுங்க சார். கொஞ்ச நாள் பெருகுச்சு, அப்புறம் நின்னுடுச்சு. எடுத்துப் போட்டுட்டோம்" என்றார் மருத்துவர். உறவினர் ஒருவரின் சாவுச் செய்தி காலம் கடந்து வந்ததுபோல் இருந்தது. கேதம் கேட்க யாரிடம் போவது?

இப்போது என் உடல் எனக்கு முழுதாகத் தெரிவதில்லை. காண விரும்பும் பகுதியை நோக்கித் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் மற்றவை இல்லாமற் போகின்றன. காலமும் அப்படியே சுருங்கிவிட்டது. தாளில் ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் எனக்குத் தெரிகிறது. முந்தைய சொல் போய்விட்டது. அடுத்ததை எழுதுமிடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.