மோதிரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆன்லைன் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் உட்கார்ந்து மோதிரம் செய்வேன். கறிக்கடையில் கேட்டு வாங்கிய மாட்டுக் கால் எலும்பை வேகவைத்து, காயவைத்து, குறுக்கே அறுப்பேன். மரத்திலும் செய்வேன். விற்பதில்லை, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

பக்கத்து கம்ப்யூட்டரில் இருக்கும் அக்காவுக்கும் கருவேல மரத்தில் ஒன்று செய்து கொடுத்தேன். ஆறு மாதமாக அவர் அதைக் கழற்றவேயில்லை. ஒரு நாள் மதியம் அவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த மோதிரத்தில் இருந்த வெள்ளைக் கோடு என் கண்ணில் பட்டது.

மரத்தில் விரிசல் விழுந்தால் தூள் வைத்துப் பசையால் அடைப்பேன். என்னிடம் இரண்டு வெள்ளைத் தூள்கள் இருந்தன. ஒன்று வெப்பாலை மரத்தூள், இன்னொன்று எலும்புத்தூள். அக்காவுக்கு எதை வைத்தேன்?

மகளுக்கு வலிப்பு நின்றால் இனிக் கவுச்சியே தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டவர் அவர். அவருக்குச் செய்யும்போது எனக்கு அது தெரியாது. வீட்டுக்குப் போய், இரண்டு தூளையும் வேறு வேறு மரத்துண்டில் அடைத்து, தேய்த்துப் பார்த்தேன். பசை காய்ந்ததும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சொல்வதா, விடுவதா என்று ஒரு வாரம் குழம்பினேன். தெரியாமல் இருந்தால் அவருக்குப் பாவமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டதே. எனக்கும்தான் அப்படி என்ன தெரிந்துவிட்டது?

கடைசியில் சொல்லிவிட்டேன்.

"எலும்புன்னா, இன்னா எலும்பு?"

"மாட்டெலும்பு அக்கா. ஆனா அதுதானான்னு தெரியல."

"செஞ்சவன் நீதானே?"

அவர் மோதிரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். இரண்டே நாளில் வேறொன்று செய்தேன், விரிசலே இல்லாத மரத்தில். கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"பழசு எங்க?"

"எதுக்குக்கா?"

"குடுடா. நேத்து பாப்பாவுக்கு ஜுரம் வந்துட்டுது. ஜுரம் வந்தா வலிப்பு வந்துடுமோன்னு ராவெல்லாம் முழிச்சிருந்தேன். டாக்டர் மாத்திரைய கொறச்சதெல்லாம் இது கையில இருந்தப்பதான்."

"ஒருவேள எலும்பா இருந்தா?"

"தின்ன மாட்டேன்னுதான் வேண்டிக்கினேன். போட மாட்டேன்னு சொன்னேனா?"

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலில் ஏற்றி, ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் புதியதையும் எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் போன் செய்து, ஜுரம் இறங்கிவிட்டது என்றார். சந்தோஷமாக இருந்தது. எதனால் இறங்கியது என்று அவர் நினைக்கிறார் என்பது புரிந்தது. அது சாதாரண சளி ஜுரம், தானாக இறங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எதைக் கெடுப்பேன், சொல்லாவிட்டால் எதற்குத் துணை போவேன் என்று தெரியவில்லை.

"சரிக்கா, நாளைக்குப் பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.