சுவரைப் பார்த்து நின்றவர்

கோபாலசாமிக்குச் சம்பளமே சுவரைப் பார்த்து நிற்பதற்குத்தான் என்று அவர் குடியிருந்த சத்வா பகுதியில் தெரிந்தவர்கள் கேலி பேசுவார்கள். பாதி உண்மைதான். கரூர்க்காரர், துபாயில் ஒரு வங்கிக் கிளையில் கேஷியர். அந்தக் கிளையின் ஸ்ட்ராங் ரூம் இரும்புக் கதவில் இரண்டு பூட்டு. ஒன்றைச் சாவியால் திறக்க வேண்டும், மற்றொன்றை டயலைத் திருகி நம்பர் போட்டுத் திறக்க வேண்டும். சாவி ஒருவரிடம், நம்பர் இன்னொருவர் மண்டைக்குள். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் ஒற்றை ஆளே கதவைத் திறந்துவிடலாம் அல்லவா? அதனால் நம்பர்க்காரர் டயலைத் திருகும்போது சாவிக்காரர் திரும்பிச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

சாவி கோபாலசாமியிடம். நம்பர் மக்தூமிடம். மக்தூம் அந்த ஊர்க்காரர், கனத்த உடம்பு, வெள்ளைக் கந்தூரா அங்கி, பக்கத்தில் வந்தாலே ஊத் அத்தர் வாசனை. இருவருக்கும் பேச்சு அரைகுறை இந்தியில்தான். ஆனாலும் புருஷன் பெண்சாதி மாதிரி, ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு வேலை ஓடாது. மக்தூம் டயலைத் திருகுவார், நடுவில் ஒரு தரம் தொண்டையைச் செருமுவார், மறுபடி திருகுவார். முடிந்ததும் மோதிர விரலால் கதவில் இரண்டு தட்டு. இனி திரும்பலாம் என்று அர்த்தம். வருஷக்கணக்காக இதே கதை.

மனுஷனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும், காதை மூடத் தெரியாது. எத்தனை சுற்று, எங்கே நிறுத்தம், எந்தப் பக்கம் திருப்பம் என்பதெல்லாம் கோபாலசாமியின் காதுக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் கேட்டு வாங்கியதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போன மக்தூம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கே அடக்கமும் ஆகிவிட்டது. நம்பர்க்காரர் செத்தாலும் சரி, லீவில் போனாலும் சரி, உடனே நம்பரை மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பூட்டுக் கம்பெனி ஆள் வர வேண்டும், ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும். மேனேஜர் நாளைக்கு நாளைக்கு என்றார். அவசரத்துக்கென்று சீல் வைத்த கவரில் இருந்த பழைய நம்பரையே புதிதாக வந்த சிவசங்கரனிடம் கொடுத்துவிட்டு, மாற்றியாயிற்று என்று ஹெட் ஆபீஸுக்கு எழுதியும் போட்டுவிட்டார்.

சிவசங்கரன் திருநெல்வேலிப் பையன், வாயாடி. முதல் நாள் அவன் டயலைத் திருகினான். சுவரைப் பார்த்து நின்ற கோபாலசாமியின் காது தானாக எண்ணியது. அதே சுற்று, அதே நிறுத்தம். செருமல் வர வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஆச்சு அண்ணாச்சி, திரும்புங்க. சுவத்துல அப்படி என்ன படமா ஓடுது?" என்றான் சிவா.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாவி கையில், நம்பர் காதில். முழுக் கதவும் அவர் ஒருவரிடம். வெளியே சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வேலை போகும், விசா போகும். அந்த விசாவில்தான் பெண்சாதி ஜெயபாரதியும், பள்ளிக்கூடம் போகிற மகன் ரிஷியும் அங்கே இருந்தார்கள்.

பிறகு வேறொன்று ஆரம்பித்தது. சாயங்காலம் பூட்டியதும் சிவா டயலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் போவான், அது எங்கேயாவது நிற்கும். காலையில் வந்து பார்த்தால் முப்பதில் நிற்கும். எப்போதும் முப்பதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போவது மக்தூமின் பழக்கம். ஏசி ஆட்டத்தில் நகர்ந்திருக்கும் என்று கோபாலசாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஏசி தினமுமா முப்பதுக்குக் கொண்டுபோய் விடும்?

ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது ஜெயபாரதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனுங்க, அந்த ஊறுகாய் மூடியப் போட்டு எத்தனை தடவை திருகுவீங்க? இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நேத்தும் இதேதான். பார்க்கவே பயமா இருக்குதுங்க."

அவர் குனிந்து பார்த்தார். கை அவருடையதுதான். திருகியது அவர் இல்லை.

மறுநாள் மத்தியானம் கிளையைச் சாத்தி எல்லோரும் சாப்பிடப் போன நேரம். தன் மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்தது அவருக்கு நினைவிருந்தது. அடுத்து நினைவு வந்தபோது ஸ்ட்ராங் ரூம் கதவின் முன்னால் நின்றார். இடது கையில் சாவி, வலது கை டயலில். பாதி நம்பர் போட்டாகிவிட்டது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. தன் தொண்டையா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதே வாரம் மத்திய வங்கியிலிருந்து சோதனைக்கு ஒருவர் வந்தார். வயதானவர், நிதானமானவர். சாவிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாக, மக்தூம் இறந்தபின் நம்பர் மாற்றப்பட்டதா என்றார். எனக்குத் தெரியாது என்பதுதான் சட்டப்படி சரியான பதில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார்.

கோபாலசாமிக்கு மகனின் பள்ளிக்கூட யூனிபார்ம் கண்ணில் வந்து நின்றது. ஊறுகாய் மூடியும் வந்தது. மாற்றவில்லை என்றார். எப்படித் தெரியும் என்று அந்தப் பெரியவர் கேட்டபோது, மேஜையில் விரலை வைத்து அந்தச் சுற்றுகளைத் திருகிக் காட்டினார்.

மத்தியானமே பூட்டுக் கம்பெனி ஆள் வந்து நம்பரை மாற்றினான். மேனேஜரை ஹெட் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். கோபாலசாமிக்கு அந்த வங்கியில் இனி வேலை இல்லை, வேறு வேலை தேடிக்கொள்ள மூன்று மாதம் தவணை என்றார்கள். சொன்னது பெரிய தப்பில்லை, காதால் கேட்டதுதான் தப்பு என்று அந்தப் பெரியவர் போகும்போது சொன்னாராம். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

சாயங்காலம் கடைசியாக ஒரு தரம் கதவைத் திறந்து காட்டி, சாவியை ஒப்படைக்க வேண்டும். கோபாலசாமி வழக்கம்போல ஸ்ட்ராங் ரூமுக்கு முன்னால் இருக்கும் கம்பிக் கேட்டைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பின்னால் டயல் சுற்ற ஆரம்பித்தது. பழைய சுற்று. பழைய நிறுத்தம். நடுவில் ஒரு செருமல். ஊத் வாசனை மெல்ல வந்தது.

"டேய் சிவா, பழைய நம்பரையா போடுறே?" என்றார், திரும்பாமலே.

சிவாவின் குரல் தூரத்தில், கம்பிக் கேட்டுக்கு வெளியிலிருந்து வந்தது.

"அண்ணாச்சி, நான் இங்கன கம்பிக் கேட்டு பக்கத்துலதான் நிக்கேன். இன்னும் உள்ளயே வரலையே."

டயல் நின்றது. பிறகு கதவில் மோதிரம் இரண்டு தட்டுத் தட்டியது. இனி திரும்பலாம் என்று அர்த்தம்.

கோபாலசாமி திரும்பவில்லை. சாவியைப் பக்கத்து இரும்பு மேஜையில் வைத்தார். சுவரைத் தடவிக்கொண்டே, அதையே பார்த்துக்கொண்டு, கேட்டு வரைக்கும் நடந்து வெளியே வந்தார்.