அணைக்கப் பயந்த சர்வர்

வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டார்லினுக்கு டாக்டர்களைக் கண்டு பயமில்லை, எரிந்து விழும் நோயாளிகளைக் கண்டும் பயமில்லை. மாடியில் ஏசி அறையில், நோயாளிகளின் விவரமெல்லாம் வைத்துக்கொண்டு இரவுபகலாக ஓடும் பெரிய கம்ப்யூட்டரான சர்வரைக் கண்டால்தான் பயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை ஒருமுறை அணைத்தாள். அது மறுபடி எழுந்திருக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதற்குள் பிரசவ வார்டில் ஒருத்தியின் ரத்தப் பரிசோதனை முடிவு கிடைக்காமல் நர்சுகள் ஓடிய ஓட்டம்! தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். டார்லினின் தைரியம்தான் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து, சர்வரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளுக்கு மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் இறக்கி வைப்பாள். மேலாளர் பெருமாள்ராஜிடம் "முடிஞ்சுது சார்" என்பாள். ஆனால் முக்கியமான திருத்தங்கள் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் வேலை செய்யும். அதை மட்டும் செய்ய மாட்டாள். நான்கு வருடம்! புதுப் பூட்டு வாங்கிக் கதவில் மாட்டாமல் பரணில் போட்டு வைத்த கதைதான். விவரம் தெரியாத பெருமாள்ராஜ் ஆயுதபூஜைக்கு அந்தச் சர்வருக்கு மாலை போட்டு, "நம்ம மெஷின் அணையா விளக்குல்லா!" என்று ஊரெல்லாம் பெருமையடித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தது. லினக்ஸில் பெரிய ஓட்டை. திருடர்கள் அதன் வழியே புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கிறார்கள். டார்லினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருத்தத்தை இறக்கிவிட்டு, பத்து நிமிடம் அணைக்கப் பெருமாள்ராஜிடம் அனுமதி கேட்கப் போனாள்.

"எதுக்கும்மா அணைக்கணும்? மாசாமாசம் எல்லாம் முடிஞ்சுதுன்னுதான சொல்லுத?"

வேலை போகும். போகட்டும்.

"இறக்குனேன் சார். ஒண்ணும் வேலைக்கு வரல. அணைக்கப் பயந்து நாலு வருசமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. திட்டவில்லை. வார்டுகளுக்குப் போன் போட்டு, சர்வர் திரும்ப வரும்வரை எல்லாவற்றையும் தாளில் எழுதும்படி நர்சுகளிடம் சொன்னார்.

"வா, அணை. நானும் நிக்கேன்."

அணைத்தாள். திரை கறுத்தது. ஒரு நிமிடம். இரண்டு. "கர்த்தரே, கர்த்தரே" என்று உதடு மட்டும் அசைந்தது. நான்காவது நிமிடம் எழுத்துகள் ஓடத் தொடங்கின. போன உயிர் திரும்பி வந்தது.

"இம்புட்டுதானா? இந்த நாலு நிமிசத்துக்கா நாலு வருசம் பயந்த?" என்று சிரித்தார் பெருமாள்ராஜ்.

டார்லின் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ரூம்ல இன்னும் மூணு மெஷின் இருக்கு சார். அதையும் அணைச்சதே இல்ல."

இப்போது பெருமாள்ராஜுக்கு வியர்த்தது.