துவக்கு மாட்டியிருந்த சுவர்

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்னறைச் சுவரில் இரண்டு இரும்புக் கொளுக்கிகள் இருக்கின்றன. அவற்றில் இப்போது ஒன்றும் தொங்குவதில்லை. போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர் முதலில் அவற்றைக் கழற்றத்தான் பார்த்தார். குறட்டால் இழுத்தார், சுத்தியலால் தட்டினார், கடைசியில் சுவரைத் திட்டினார். கொளுக்கி அசையவில்லை. ரயில் பாதையோரத்து வீடு இது. ஒவ்வொரு ரயிலுக்கும் அலுமாரிக் கண்ணாடி நடுங்கும், சுவர்ப் படங்கள் கோணும். என் மாமனார் கை வைத்த எதுவும் இங்கே நிலைத்ததில்லை, அந்த இரண்டு கொளுக்கிகளைத் தவிர. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் அவரோடு ஒரு கிழமை இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மாமா கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். பெரிய பெரிய எஞ்சின்களையெல்லாம் கடலைத் தாண்ட வைத்த மனிதர், ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்ததும் எங்கள் குளியலறைக் குழாயோடு தோற்றுப் போனார். அவர் திருத்திய குழாயிலிருந்து தண்ணீர் கீழ்வீட்டுக் கட்டிலுக்கு இறங்கியது. அவர் அடித்த பலகைத் தட்டு ஒருநாள் மாலை ரயிலோடு சேர்ந்து மாமியின் பீங்கான்களையும் கொண்டு விழுந்தது. அதன் பிறகு மாமி குறடும் சுத்தியலும் கிடந்த அவருடைய ஆயுதப் பெட்டியைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "உங்கட கை பட்டது உருப்படாது" என்று விருந்தாளிகளுக்கு முன்னாலேயே சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன், அந்தக் கட்டிலைத் துடைக்கக் கீழே போனவள் நான்தானே.

துவக்கு வந்தது போர் முடிந்த பிறகு. வாய்ப்பக்கமாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டு இடித்துச் சுடும் பழைய காலத்து வகை. நீளக் குழல், தேன் நிறக் கட்டை, பித்தளைப் பூண். நுகேகொடையில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியதாகச் சொன்னார். அலங்காரத்துக்குத்தானே, லைசென்ஸ் எதற்கு என்றும் சொன்னார். கொளுக்கி அடிக்க மட்டும் மாமி அனுமதித்தார். ஆனால் அடுத்த கல்யாண வீடு வருவதற்குள்ளேயே அது மாமியின் பூட்டன் வேட்டைக்குக் கொண்டுபோன துவக்காக மாறிவிட்டது. வருகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து, "அந்தக் காலத்து ஆக்களின்ர வேலை வேலைதான்" என்பார்கள். மாமா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார். மனைவியின் பொய்க்கு வெட்கப்படுகிறார் என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கீழே இறக்கி, கடல் காற்றுக்குத் துருப்பிடித்துவிடும் என்று தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஊற்றித் துடைப்பார். சாமிப் படத்துக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு கவனிப்பு இருக்கவில்லை.

பிறகு லண்டனிலிருந்து மாமியின் தங்கை மகன் வந்தான். துவக்கைத் தோளில் வைத்துப் படம் எடுத்து, "எங்கள் பரம்பரை ஆயுதம்" என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டுப் பிளேன் ஏறினான். அடுத்த கிழமை பொலிஸ் வந்து துவக்கைக் கொண்டுபோனது. என் கணவர் கட்டாரில் வேலையில் இருந்தார். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்தே சிங்களம் பழகியவள். ஆகவே பொலிஸ், கோர்ட், லோயர் வீடு என்று எல்லா இடமும் மாமாவைக் கூட்டிக்கொண்டு அலைந்தது நான்தான். லோயர் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். அரசாங்க நிபுணர் சோதித்து, இது வெடிக்கக்கூடிய துவக்கு என்று எழுதினால், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றத்துக்கு மறியலுக்கும், அதாவது சிறைக்கும், போகலாம். வெடிக்காத அலங்காரச் சாமான் என்று எழுதினால் அன்றைக்கே வழக்கு முடியும். மாமாவுக்குப் பிரஷர், சீனி, நெஞ்சில் ஸ்டென்ட். மறியலில் ஒரு மாதம் தாங்கமாட்டார். வெடிக்கக் கூடாதென்று ஜிந்துப்பிட்டி முருகனுக்கு நான் நேர்த்தி வைத்தேன். மாமாவிடம் ஒரேயொரு காரியம்தான் கேட்டேன். வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

சோதனை நாளில் பொருளை அடையாளம் காட்டவென்று மாமாவையும் அழைத்திருந்தார்கள். நகரத்துக்கு வெளியே, மண் மேடு கட்டிய ஒரு திடல். நிபுணர் நிதானமான சிங்கள மனிதர், பிள்ளைகளின் நோய் கேட்கும் டாக்டரைப் போன்ற முகம். குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்தில், இத்தனை வருடமும் யாரும் பார்க்காத இடத்தில், கறுப்பு மருந்து மட்டும் பாவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று அச்சடித்திருந்தது. மாமியின் பூட்டன் அந்த இடத்திலேயே காலமானார். இது பழசே இல்லை, வெளிநாடுகளில் பெட்டியில் துண்டு துண்டாக விற்பார்கள், வாங்குகிறவர்கள் அராவித் தேய்த்து, பொருத்திப் பூட்டிக்கொள்வார்கள் என்று நிபுணர் பொலிஸ்காரருக்கு விளக்கினார். பிறகு மண் மேட்டில் ஒரு பலகையைச் சாய்த்து, மருந்தும் குண்டும் போட்டு, தூர நின்று கயிற்றால் விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். மறுபடி இழுத்தார். மறுபடியும் 'டிக்'. எனக்கு முருகனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

நிபுணர் பேனையை எடுத்துக்கொண்டே சிரித்தார். "இதைப் பூட்டினவனுக்கு வேலை தெரியாது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்" என்று சிங்களத்தில் சொன்னார். கப்பல் தோழர்களோடு பழகிய மாமாவுக்கு அந்த அளவு சிங்களம் விளங்கும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அவருக்குச் சொல்லு. பொறி போற துவாரத்துக்குள்ள எண்ணெய் நிக்குது. நான்தான் கூட ஊத்திப்போட்டன். துடைச்சுப்போட்டு அடிச்சா வெடிக்கும்."

"மாமா, பேசாம இருங்கோ."

"சொல்லு பிள்ளை!"

நான் நிபுணரைப் பார்த்து, வயதானவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் போகலாமா என்று என்னுடைய மிகச் சிறந்த சிங்களத்தில் கேட்டேன். போங்கள் என்று அவரும் கைகாட்டிவிட்டார். நான் மாமாவின் முழங்கையைப் பிடித்தேன். அவர் கையை உதறிவிட்டு, தொப்பியைக் கழற்றி, கப்பல் தலைவர்களோடு வாழ்நாளெல்லாம் பேசிய அந்த அழகான ஆங்கிலத்தில், எண்ணெயைப் பற்றியும் துவாரத்தைப் பற்றியும் தெளிவாக விளக்கினார். கடைசியில், "இதைப் பூட்டினவன் நான்தான், சேர்" என்றார். என் வாழ்க்கையில் ஒரு மனிதரை அடிக்க வேண்டும் என்று நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

நிபுணர் பேனையைச் சட்டைப் பைக்குள் செருகினார். பிறகு துவாரத்தைத் துடைத்து, மறுபடி நிரப்பி, கயிற்றை இழுத்தார். சத்தத்தில் மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பியது. வெள்ளைப் புகை எங்களை மூடியது. புகை கலைந்தபோது எதிரே பலகையின் நடுவில் ஓட்டை. மாமா கைதட்டினார். குற்றவாளி கைதட்டினார்! பொலிஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் அழுதேன், ஆத்திரத்தில்.

திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள், நான் கேட்காமலே எல்லாம் சொன்னார். ஏதோவொரு துறைமுகத்தில் அந்தப் பெட்டியை வாங்கினாராம். போர்க்காலம் முழுக்க அது நுகேகொடையில் ஒரு கப்பல் தோழரின் வீட்டில் பிரிக்காமலே கிடந்ததாம். பிறகு அந்தத் தோழரின் கராஜில் வைத்து மாதக்கணக்காக அராவினாராம். அந்த நாட்களில் சீட்டாடப் போவதாக எங்களிடம் சொன்னது எனக்கு நினைவிருந்தது. "நான் செய்தது எண்டு சொன்னா ஒருத்தரும் அண்ணாந்து பாத்திருக்கமாட்டினம், பிள்ளை" என்றார். எனக்கு இரக்கம் வரத்தான் செய்தது. மறியலை நினைத்ததும் அது போய்விட்டது. அதற்குப் பின் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் முதல் நாள் நான் நித்திரையில்லாமல் புரள்வேன். அவர் குறட்டை விட்டுத் தூங்குவார்.

வயதையும், தானே உண்மையைச் சொன்னதையும் பார்த்து நீதவான் தண்டப்பணத்தோடு விட்டார். துவக்கு அரசுடைமையானது. "எனக்கு எதிரா சாட்சி சொன்ன முதலாவது கட்சிக்காரர் உங்கட மாமாதான்" என்று லோயர் என்னிடம் குறைப்பட்டார். மாமிக்குத்தான் ஆறவில்லை. பூட்டனையும் இழந்து, சொந்தக்காரர் முன்னால் முகத்தையும் இழந்த கோபத்தில், வெறும் சுவரையும் புருஷனையும் பார்க்காமலே நடமாடினார். மாமா அதற்கும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நித்திரையிலேயே போகும்வரைக்கும், "வெடிச்சதல்லோ!" என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மட்டக்குளியிலிருந்து வந்த பெயின்ட்காரர் கொளுக்கியோடு மல்லாடிக் களைத்து, "இதுல அப்பிடி என்னதான் மாட்டியிருந்தீங்க ஆன்ட்டி?" என்று மாமியைக் கேட்டார். நான் சமையலறைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பூட்டனும் வேட்டையும் இனி அரைமணி நேரத்துக்கு ஓடும், தேத்தண்ணீர் ஆறிவிடும்.

"எங்கட அவர் தன்ர கையால செய்த துவக்கு தம்பி" என்றார் மாமி. "என்ன மாதிரி வெடிச்சது தெரியுமே! காகமெல்லாம் எழும்பிப் பறந்தது."

அந்தத் திடலுக்குப் போனவள் நான். வெயிலில் நின்றவள் நான். மாமி அன்று வீட்டில் கட்டிலை விட்டே எழும்பவில்லை. நான் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கொளுக்கியை விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கும்படி பெயின்ட்காரரிடம் சொன்னேன்.