கடல்நீரேரியில் வைத்த படம்

சிவநேசன் அண்ணை போய்விட்டார் என்று எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் தொலைபேசியில் சொன்னபோது, கனடாவில், ஒஷாவாத் தொழிற்சாலையில் வேலை முடித்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தேன். அடுத்த மூச்சிலேயே, கண்ணீர் அஞ்சலி நோட்டீசை நான்தான் வடிவமைத்துத் தரவேண்டும் என்றார். சங்கத்தின் மலர், நோட்டீசு எல்லாம் வடிவமைப்பவன் நான்தான். ஓம் என்றேன்.

அண்ணையோடு பன்னிரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் நின்றவன் நான். ஊரில் புவியியல் படிப்பித்தவர், இங்கே கார்க் கதவுகளுக்கு ரப்பர் பூட்டினார். இடைவேளையில் மட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் பேனையால் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கீறுவார். முதலில் கீறுவது உள்ளே நுழைந்து கிடக்கும் கடலைத்தான். "தண்ணியைச் சரியாக் கீறினால் நிலம் தானா வரும்" என்பார். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் மிதவையைப் பாதை என்போமே, அதற்கும் ஒரு கோடு இருக்கும்.

சங்க மலருக்கென்று எட்டு மாதம் இருந்து ஒரு வரைபடம் கீறித் தந்தார். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவருடைய பேஸ்மென்ற் அறையில் சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான் கிடந்தது. தலைவர் பார்த்துவிட்டு, நடுவில் இவ்வளவு நீலம் சும்மா கிடக்கிறதே என்றார். தன் படத்தையும் வாழ்த்துச் செய்தியையும் அங்கே போடச் சொன்னார். போட்டேன். கிளாலிக்கும் பூநகரிக்கும் நடுவில், கடல்நீரேரியின் மேல், தலைவர் கோட்டும் ரையுமாகச் சிரித்தார். நன்றாகப் பொருந்திவிட்டது என்றுகூட நினைத்தேன், வெட்கங்கெட்டவன்.

வெளியீட்டு விழாவில் அண்ணை மலரை விரித்துப் பார்த்தார். தலைவரின் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"தம்பி, உது வெறும் இடமில்லை. கிளாலியிலை வள்ளத்துக்கு நேவியின்ரை சூடு விழேக்கை என்ரை மனிசி உதுக்குள்ளைதான் விழுந்தவ. உடம்பும் கிடைக்கேல்லை."

"அடுத்த பதிப்பிலை பாப்பம் அண்ணை" என்றேன்.

பிறகு அவர் சங்கப் பக்கமே வரவில்லை. நாங்களும் தேடிப் போகவில்லை. இப்போது நோட்டீசில் 'சங்கத்தின் தூண்' என்று போடவேண்டுமாம். தூணாம்! இருந்த காலத்தில் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப்போட ஆளில்லை. என்னால் ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று தலைவருக்குச் சொல்லிவிட்டேன். பிந்திய வீரம், அதால் அண்ணைக்கு என்ன?

அவர் கையால் கீறிய மூலப்படம் என்னிடம்தான் இருக்கிறது. அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நேற்று அதை விரித்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கிளாலிக்கு அப்பால், நீலத்தின் மேல், பென்சிலால் மிகச் சின்னதாக 'யோகம்' என்று எழுதியிருந்தார். மனைவியின் பெயர். அந்த மலர் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். எடுத்துப் பாருங்கள், அந்தப் பெயரின் மேல்தான் நான் தலைவரின் படத்தை வைத்திருக்கிறேன்.