கவருக்குள் நீலக் கார்

மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீரமுத்துவைப் போலக் காரைக் கொண்டாடியவர் வேறு யாரும் இல்லை. முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். ஊரார் பிள்ளைகளின் வாந்தியையும் ஐஸ்கிரீமையும் துடைத்தே வயதான மனிதர், சொந்தக் காரில் ஒரு விரல் பட்டாலும் முகம் சுளிப்பார். முன்பு வைத்திருந்த காரை வெள்ளம் கூரைவரை மூழ்கடித்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்த அடர்நீலக் கார். ஏறுவதற்கு முன் செருப்பைத் தட்டச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி நானும் தட்டியிருக்கிறேன், மனதுக்குள் திட்டிக்கொண்டே.

போன வருடம் மே மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவருக்கு, மறுபடியும் கார் ஓட்டுவேன் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்த நினைப்பில்தான் சாப்பிட்டார், மருந்து குடித்தார், நடைப் பயிற்சிக்கு ஒத்துக்கொண்டார்.

பயிற்சிக்கு இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் இடம் இல்லை. என் தம்பி ரூபேந்திரன் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்கிறவன். அவன்தான் போர்ச்சில் கம்பிகளை நட்டுக் கொடுத்தான். அதுவரை அங்கே கூரைக்கு அடியில் நின்ற கார், கேட்டுக்கு வெளியே வேலியோரம் போய் நின்றது.

தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கவர் வாங்கச் சொன்னவர் வீரமுத்துதான். வெள்ளம் பார்த்தவர் இல்லையா, ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது என்று அடியில் கயிறு கொடுத்து இறுக்கச் சொன்னார். கீறல் விழாமலிருக்க உள்ளே ஒரு பழைய கம்பளி வேறு. அவர் மனைவி தனலெட்சுமிக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் காலையில் கவரை அவிழ்த்து, அவர் சொல்லிக்கொடுத்தபடி இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தூறலில் நனைந்தாலும் அப்படியே மூடிக் கட்டிவிடுவாள். வெள்ளிக்கிழமை கழுவினாலும், பூனை ஏறிவிடும் என்று காய்வதற்குள் மூடுவாள். ஜன்னலோரக் கட்டிலில் இருந்தபடி அவர் முடிச்சுகளைச் சரிபார்ப்பார். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டிய என் தம்பியும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தீபாவளிக்கு முன்பு பானெட்டில் வெள்ளையாக ஒரு மங்கல் தெரிந்தது. தனலெட்சுமி தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினாள், இரண்டு நாள் மினுமினுத்தது. டிசம்பர் முழுக்க அடைமழை, கவரை அவிழ்க்கவே முடியவில்லை. பொங்கல் கழித்துப் பார்த்தபோது, பானெட்டிலும் கூரையிலும் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சில இடங்களில் தோலாக உரிந்து வந்தது. வீரமுத்து தூங்கும் நேரம் பார்த்து ரூபேந்திரனைக் கூப்பிட்டாள்.

"உள்ள ஈரம் நின்னு வெயில்ல வெந்து போச்சுக்கா," என்றான் அவன். "தொடச்சா போறதில்லலா இது. சுரண்டிட்டுப் புதுசா அடிக்கணும். ரெண்டு வாரம் பட்டறையில நிக்கணும்."

இரண்டு வாரம் கார் வாசலில் இல்லாவிட்டால் அவர் கேட்காமல் இருப்பாரா? பேசாமல் சொல்லிவிடு என்றேன். நன்றாக நடக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். இப்போது சொன்னால் மனம் விட்டுப்போய்க் கம்பியைத் தொடவே மாட்டார் என்று பயந்தாள். அன்றிலிருந்து மழை வருகிறது, பனி விழுகிறது என்று ஏதாவது காரணம் சொல்லி, கவரை ஓட்டுநர் கதவுப் பக்கம் மட்டும் மடித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டாள்.

அவரோ தேறிக்கொண்டே வந்தார். கம்பிகளுக்கு நடுவே நான்கு அடி, பிறகு எட்டு, பிறகு ஊன்றுகோல். பிப்ரவரியில் கேட் வரைக்கும் வந்துவிட்டார். தனலெட்சுமி கோயிலில் வேண்டிக்கொண்டது இதற்காகத்தான். ஆனால் அவர் கேட்டைத் தொட்ட அன்று அவள் காரைத்தான் பார்த்தாள். அங்கிருந்து காருக்கு ஆறே அடி. அதன் பிறகு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் அவள் குரல் கேட்டது. போதும், வெயில் ஏறுது. போதும், கால் வீங்கிடும். அவர் இன்னும் கொஞ்சம் என்பார், அவள் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்விடுவாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் தனியாகக் கேட்டைத் திறந்தார். நான் வாசலில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவிட்டு, வலது கையால் முடிச்சை அவிழ்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. தனலெட்சுமியைத்தான் கூப்பிட்டேன். ஈரத் துணியோடு ஓடி வந்தாள். அதற்குள் அவர் கவரைக் கூரைவரை இழுத்துவிட்டிருந்தார்.

ஒரு கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். நீலச் செதில் ஒன்று விரலோடு வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். பொங்கலிலிருந்து என்றாள்.

"நான் இங்க வரைக்கும் வரமாட்டேன்னு நெனச்சிட்ட," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தக் கவரை வாங்கச் சொன்னதே நீங்கள்தானே என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

மறுநாள் அவர் கம்பிகளைப் பிடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ரூபேந்திரன் காரை எடுத்துப் போய்ச் சாயம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தனலெட்சுமி என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் வரமாட்டார் என்று நீ நினைக்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று அதட்டினேன்.

"வரமாட்டாருன்னு ஒருநாளும் நெனச்சதில்லக்கா," என்றாள். "வந்துடக் கூடாதுன்னுதான் நெனச்சேன். அத எப்படிக்கா அவர்கிட்ட சொல்றது?"