ரெஜினா கேட்ட சத்தம்

செவ்வாய்க்கிழமை காலை வவுனியா வைத்தியசாலையில், இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவின் வாசலில் ஒரு கதிரையில் இருந்தேன். ரெஜினாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், அக்கா செத்துப்போனா. விடிய கராஜைத் திறக்கப் போனவா, திறப்பு கையில இருக்க அப்பிடியே விழுந்திட்டா" என்றார். "சரி தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். உள்ளே என் மனைவி புவனேஸ்வரி இயந்திரத்தோடு பொருத்தப்பட்டுக் கிடந்தாள். அவள் வெளியே வர இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. அதுவரை இதை என்னோடு வைத்திருப்பதென்று முடிவு செய்தேன்.

ரெஜினாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று இப்போது அதே தம்பி கேட்டிருக்கிறார். முல்லைத்தீவில் அவரைத் தெரியாதவர் குறைவு. கரையில் வள்ளங்களின் எஞ்சின்களோடு வளர்ந்து, பிறகு வீதியோரம் கொட்டகை போட்டு, உழவு இயந்திரம், நீரிறைக்கும் மோட்டர், வான் என்று டீசலில் ஓடும் எல்லாவற்றையும் பார்த்தவர். அவரைப் புகழ்ந்து எழுத உங்களில் பலர் இருக்கிறீர்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது என் பழைய காரைப் பற்றித்தான்.

அந்தக் கார் ஊருக்குள் ஓடும்வரை ஒரு குறையும் காட்டவில்லை. புவனாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், வவுனியாவுக்குப் போகவேண்டி வந்த பிறகுதான் வினை பிடித்தது. ஒட்டுசுட்டான் தாண்டும்போது இழுவை குறையும். மாங்குளத்தை நெருங்கும்போது அக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போவார். மாங்குளத்தில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால் நல்ல பிள்ளையாக ஓடும். புளியங்குளத்தில் மறுபடியும் அதே கதை. தேத்தண்ணி குடிப்பது நானா காரா என்று புவனா கேட்பாள்.

மூன்று இடங்களில் காட்டினேன். ஒருவர் பில்டரை மாற்றினார். ஒருவர் எஞ்சினுக்குள் டீசல் அடிக்கும் முனைகளைக் கழற்றித் துடைத்தார். மூன்றாமவர் பம்ப் முடிந்துவிட்டது, இந்தக் காருக்கு இனிக் கிடைக்காது, விற்றுவிடுங்கள் என்றார். எல்லோரும் சந்திவரை ஓட்டிப் பார்த்தார்கள். சந்திவரை அது குதிரைபோல ஓடியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதை நந்திக்கடலில் தள்ளிவிட்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டரை மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். கட்டில் கிடைக்கப் பின்னேரம் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது புவனா, "இனி நான் வரேல்லை. வழியில கிடந்து சாகிறதுக்கு வீட்டில இருக்கிறன்" என்றாள். அவள் சும்மா பேச்சுக்குச் சொல்லுகிறவள் அல்ல. போகாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை கெஞ்சித்தான் ஏற்றினேன். புதன்கிழமை ரெஜினாவிடம் போனேன்.

முதலில் அவரிடம் போகாததற்குக் காரணம், பெண் பிள்ளை, வள்ளத்து எஞ்சின் பார்க்கிறவர், காரைப் பற்றி என்ன தெரியும் என்ற என் நினைப்புத்தான். இப்போதாவது எழுதிவிடுகிறேன். கொட்டகைக்குள் காரை விட்டுப் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றேன். ரெஜினா வந்து அதை மூடினார். 'வான் சத்தம் போடுது, கியர்ப் பெட்டியைத் திறந்து பாரும்' என்று நின்ற ஒருவரை அப்போதுதான் திருப்பி அனுப்பியிருந்தார். "ஒண்டும் இல்லாததைப் பழுதெண்டு சொன்னா எனக்குக் கை கூசும் மாஸ்டர்" என்றார். பிறகு என்னைக் கேட்டார்.

"எங்க போகேக்க இழுவை விடுது?"

"வவுனியாவுக்கு."

"ஆர் ஆர் போறீங்கள்?"

"நானும் மனிசியும்."

"அப்ப சனிக்கிழமை மூண்டு பேருமாப் போவம். வெறும் கார் பொய் சொல்லும். வழமையா ஏத்திறதை ஏத்திக்கொண்டு, வழமையாப் போற இடத்துக்குப் போனாத்தான் உண்மை சொல்லும்."

இதுதான் அவருடைய வேலைமுறை. வள்ளத்து எஞ்சின் என்றாலும் கரையில் வைத்துப் பார்க்கமாட்டார், வலையோடும் ஆட்களோடும் கடலுக்குள் போய்த்தான் பார்ப்பார் என்று பிறகு அறிந்தேன். சனிக்கிழமை விடிய வந்து நின்றார். புவனா வரமாட்டேன் என்று குசினிக்குள் அடுப்படியில் இருந்தாள். ரெஜினா உள்ளே போய், "அக்கா, நீங்கள் ஏறாட்டி எனக்குக் காரைப் பாக்கேலாது" என்றார். காருக்காக என்று புவனா வந்து ஏறினாள்.

ரெஜினா பின்சீட்டில் புவனாவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு கதையும் இல்லை. ஒட்டுசுட்டான் தாண்டி இழுவை குறைந்தது. "ஓடுங்கோ" என்றார். இன்னும் குறைந்தது. "ஓடுங்கோ மாஸ்டர்." மாங்குளத்துக்குச் சற்று முன்னால், கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது, "இப்ப நிப்பாட்டுங்கோ. எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ" என்று சொல்லி இறங்கினார். பின்னால் போய் டீசல் தாங்கியின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம் எனக்கே கேட்டது. திணறிக்கொண்டு நின்ற எஞ்சின் ஒரு நிமிடத்தில் சீராகிவிட்டது.

மூடியையும் அதற்குள் நான்காக மடித்து வைத்திருந்த பொலித்தீன் சொப்பிங் பை ஒன்றையும் கையில் பிடித்துக்கொண்டு என் யன்னலுக்கு வந்தார்.

"இதை ஆர் வைச்சது?"

"நான்தான். தட்டுப்பாட்டு நேரம், டீசல் ஆவியாப் போகாமல்."

எரிபொருளுக்கு வரிசையில் கிடந்த அந்த நாட்களில் நான் செய்த வேலை அது. அதற்கும் முந்திய, யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலின் மூடிக்குள் பொலித்தீன் வைத்து இறுக்காத வீடு வன்னியில் இருந்ததா? கை தானாகச் செய்த வேலை. சொல்லவேண்டிய விசயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, எங்கே தட்டுப்பாடு வந்துவிடுமோ என்று எப்போதும் தாங்கியை முட்ட நிரப்பி வைத்திருப்பேன். டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போகவேண்டும். அது போகிற துளை மூடியில் இருக்கிறது. நான் அதை அடைத்துவிட்டிருந்தேன். நிறுத்தித் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் எங்காவது கசிந்து கொஞ்சம் காற்றுப் போக, மறுபடி ஓடியிருக்கிறது.

"என்ர தம்பிக்கு வளியமுக்கம் படிப்பிச்சது நீங்கள்தானே மாஸ்டர்?" என்றார் ரெஜினா. முப்பது வருடம் காற்றழுத்தம் உட்பட விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். புவனா சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது. ரெஜினா சிரிக்கவில்லை. "என்ர வீட்டு எண்ணெய்க் கானிலயும் இப்பிடி ஒண்டு கிடக்குது" என்றார்.

மாங்குளத்திலிருந்து அவர் பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். வருகிறீர்களா என்று நான் கேட்க முதலே ஏறிக்கொண்டார். வவுனியாவில் நான்கு மணித்தியாலமும் உள்ளே புவனாவுக்குப் பக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "மாஸ்டர், பின்பக்கத்தில மெல்லிய சத்தம் ஒண்டு கேக்குது. பெரிசா ஒண்டுமில்லை. ஆனா கேட்டுப் பாக்கவேணும். வாற சனியும் வாறன்" என்றார்.

அப்படியே நான்கு மாதம் சனிக்கிழமைகளில் கராஜைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். வேறு யாரிடமாவது காட்டட்டுமா என்று கேட்டேன். "ஒருத்தரையும் கை வைக்க விடாதேங்கோ" என்றார். பின்சீட்டில் இருவரும் கதைத்துக்கொண்டே வருவார்கள். கதைத்துக்கொண்டு எப்படிச் சத்தம் கேட்பது என்று எனக்குச் சில வேளை எரிச்சல் வரும். வெட்கம் என்னவென்றால், இரண்டாம் மாதமளவில் எனக்கும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. வலது பக்கச் சில்லுப் பக்கம் என்று அடித்துச் சொன்னேன். "ஓம், இருக்கும்" என்றார் ரெஜினா. பிறகு ஒரு சனிக்கிழமை, "சத்தம் போயிட்டுது மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பும் வழியில், புளியங்குளம் தாண்டியதும் புவனாவிடம் செய்தியைச் சொன்னேன். கனகராயன்குளத்தில் காரை ஓரமாக விடச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இந்தக் காரில சத்தம் எண்டு ஒண்டு இருக்கேல்லை."

"என்ன கதை கதைக்கிறீர்? நான் கேட்டனான்."

"நீங்கள் கேப்பியள். முதல் நாளே ஆஸ்பத்திரியில வைச்சு நான் ரெஜினாவுக்குச் சொன்னனான். கார் ஓடினாலும் ஓடாட்டியும் இவரை இனி அலைக்கழிக்கேலாது, இதோட நிப்பாட்டப் போறன் எண்டு. அவா எனக்குப் புத்தி ஒண்டும் சொல்லேல்லை. 'அக்கா, எனக்குச் சத்தம் ஒண்டு கேக்குது. அது போகுமட்டும் நான் சனிக்கிழமையில வரவேணும். நீங்கள் வராட்டி நான் எப்பிடி வாறது?' எண்டா. சத்தம் இல்லையெண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டு அவாவுக்கும் தெரியும். நாலு மாதம் போனாப்பிறகு நானாத்தான் சொன்னன், 'ரெஜினா, நான் இனி நிப்பாட்டமாட்டன், நீர் உம்மட வேலையைப் பாரும்' எண்டு."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதேன். எனக்குக் கார்தான் பிரச்சினையாக இருந்தது. கார் சரியான பிறகும் என் மனைவி சாகத் தீர்மானித்திருந்ததை அதே காரின் முன்சீட்டில் இருந்த நான் அறியவில்லை. ஒரே ஒரு நாள் எங்களோடு வந்தவர் அறிந்துகொண்டார்.

ரெஜினாவைத் தெரிந்தவர்களே, அவரிடமிருந்து உங்களில் ஒவ்வொருவரிடமும் ஏதாவது மிஞ்சியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஒன்றோ, அவர் சொன்ன வார்த்தை ஒன்றோ. என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், சனிக்கிழமை விடிய எங்கள் வீதிக்கு வாருங்கள். காரின் பின்சீட்டில் புவனா ஏறி இருப்பாள்.